ராணி காதுக்கு ஒரு கொடி

சிலிண்டர் கொண்டுவந்தவர் அந்தத் தெருவுக்குப் புதியவர். கதவைத் திறந்த பெண்ணின் தலையில் இரண்டு கொம்பு இருப்பதைப் பார்த்ததும், தோளிலிருந்த சுமையை இறக்கக்கூட மறந்து இரண்டு படி கீழே போய்விட்டார்.

"பயப்படாதீங்க, உள்ள கொண்டாந்து வைங்க," என்றாள் அவள், கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு. கொம்பு மட்டும் மறையவில்லை.

"வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களாம்மா?"

உள்ளேயிருந்து அவள் கணவர் வந்தார். குழாய் வேலை பார்க்கிறவர், தெருவே அவரைக் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிடும். "ஒண்ணுமில்லங்க, பொழுது சாஞ்சா கழட்டிடுவா. கல்யாணமான நாள்லேருந்து இந்தக் கொம்பு எனக்கு மட்டும் தெரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. இப்பதான் ஊருக்கும் தெரியுது."

கொம்பம்மா என்ற பெயர் அவளுக்கு இப்படி வந்ததுதான். நாடகத்துக்கு உடை வாடகைக்கு விடும் கடையில் அவளுக்கு வேலை. கிரீடம், கொம்பு, கவசம், முகமூடி எதைச் செய்தாலும் காலையில் தன் தலையிலோ தோளிலோ மாட்டிக்கொள்வாள். அதோடு வீட்டைப் பெருக்குவாள், குனிந்து துணி துவைப்பாள், சமைப்பாள். எங்கே அழுத்துகிறது, எங்கே உராய்கிறது, தும்மினால் நிற்கிறதா என்று பார்த்து, அழுத்திய இடத்தைச் சாயங்காலம் அரத்தால் தேய்த்துச் சரிசெய்வாள். அப்படி ஒரு பகல் தாங்கிய பொருள்தான் கடைக்குப் போகும். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை. அடுத்தவர் தலையில் வைக்கப்போவதைத் தன் தலையில் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் அவளுக்கு மனசு ஒப்பாது.

கடையில் முதலில் அவள் பொத்தான் தைக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் அரக்கன் முகமூடியிலிருந்து ஒரு கொம்பு உடைந்து வந்தது. கடைக்காரம்மா அதைக் குப்பையில் போட ஒதுக்கிவைத்தார். "நான் கொண்டுபோகட்டுமா?" என்று கேட்டாள். கேட்பதற்கே அரைநாள் ஆனது அவளுக்கு. வீட்டில் கணவரின் பையில், குழாய் ஒழுகும் இடத்தை அடைக்கிற, மாவுபோலப் பிசைகிற எபாக்சி புட்டி இருந்தது. வெள்ளையில் ஒரு கட்டி, கறுப்பில் ஒரு கட்டி. இரண்டையும் சம அளவு கிள்ளி ஒன்றாகப் பிசைந்தால் சாம்பல் நிறமாகும், லேசாகச் சூடேறும், கொஞ்ச நேரத்துக்குச் சொன்ன பேச்சுக் கேட்கும். அந்த நேரம் போய்விட்டால் கல். விரலை ஈரமாக்கிக்கொண்டு தடவத் தடவ அது தோல்போல வழவழப்பாகும் என்பதையும், உள்ளே கசக்கிய அலுமினியத் தாளை வைத்து மேலே பூசினால் கனம் குறையும் என்பதையும் அவள் தானாகக் கண்டுபிடித்தாள். மறுநாள் கொம்பு கடைக்குப் போனது. எந்தக் கொம்பு பழையது, எந்தக் கொம்பு புதியது என்று கடைக்காரம்மாவுக்கே தெரியவில்லை. அதோடு பொத்தான் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

இதெல்லாம் பிடிக்காத ஒரே ஆள் அவள் நாத்தனார், குழாய்க்காரரின் அக்கா. கொம்பம்மா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். பகலில் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. விடுமுறை நாட்களில் நாடகக் குழுவில் ராணி. எந்த நாடகம் வந்தாலும் அண்ணிதான் ராணி. வேனில் பிள்ளைகளை அதட்டிய குரலுக்கு மேடையில் ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. தம்பி வீட்டுக்கு வந்தாலும் அரியணையில் உட்கார்வதுபோலத்தான் நாற்காலியில் உட்கார்வாள்.

"ஏம்மா, மனுஷங்க மாவு பிசைவாங்க, நீ மண்ணப் பிசையுற. எந்தம்பி எதத் திங்கிறான்னு பாக்கவே பயமா இருக்கு."

கொம்பம்மா இதற்கெல்லாம் நேருக்கு நேர் பதில் சொன்னதில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். 'உங்க தம்பிய நீங்களே கூட்டிட்டுப் போய்ச் சோறு போடுங்களேன்.' அது அண்ணியின் காதில் விழாது. விழாததால்தான் குடும்பம் அமைதியாக ஓடியது.

ஒரு சாயங்காலம் அண்ணி வந்தாள். அரியணை நடை இல்லை. சமையலறைக் கதவைச் சாத்தினாள். காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். இடது காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் அவரை விதை அளவுக்கு ஒரு சின்ன இயந்திரம். அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்று வளைந்து காதுக்குள் போயிருந்தது.

"இத மூடணும். உன் புட்டிய வெச்சு நகை மாதிரி ஏதாவது பண்ணி மூடு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எந்தம்பிக்குக்கூட."

"அவரு உங்க பின்னாலதான் நிக்கிறாரு அண்ணி."

பின்வாசல் வழியாகத் தண்ணீர் குடிக்க வந்திருந்த குழாய்க்காரர், "வந்து ரெண்டு தடவ கூப்பிட்டேங்க்கா," என்றார்.

"மெஷின அணைச்சு வெச்சிருக்கேன்டா. பேட்டரி வீணாகுதில்ல?"

பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். புதிய நாடகத்தில் ராணி மக்களைப் பார்த்து நிற்பாள். தூதன் பின்னாலிருந்து வந்து, "கோட்டைக் கதவு திறந்துவிட்டது, தாயே" என்று மெல்லச் சொல்வான். அதைக் கேட்டதும் ராணி திரும்ப வேண்டும். அந்தத் திரும்பலில்தான் நாடகமே திரும்புகிறது. ஒத்திகையில் தூதன் மூன்று முறை சொல்லியும் அண்ணி திரும்பவில்லை. நான்காம் முறை அவன் கத்தியதில் கோட்டையே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் இந்த மெஷின்.

"டைரக்டர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம முழு வேஷத்தோட ஒத்திகை. அதுலயும் தப்பாச்சுன்னா எங்க குழுவுல இருக்கிற வங்கிக்காரம்மாதான் ராணி. அவளுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். ஓரத்துல உக்காந்து வாயசைச்சுக்கிட்டே இருக்கா."

"மெஷின் வெச்சுக்கிட்டேன்னு டைரக்டர்கிட்ட சொல்லிடலாமே," என்றார் தம்பி.

"காது கேக்காத கிழவின்னு ஒரு தடவ பேர் வந்துச்சுன்னா, அப்புறம் எனக்கு ராணி வேஷமா குடுப்பாங்க? ராணிக்கு மாமியார் வேஷம்தான்."

வழக்கமாக முடியால் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ராணிக்கு முடியைத் தூக்கி உச்சியில் கட்ட வேண்டும். மெல்லிய துணியால் மூடிப் பார்த்திருக்கிறாள். துணி இயந்திரத்தில் உரசியது தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருந்ததாம். 'எத்தனையோ பேருக்குக் கிரீடம் பண்ணினோம், நம்ம வீட்டு ராணிக்கு ஒன்றும் பண்ணியதில்லையே' என்று கொம்பம்மாவுக்குத் தோன்றியது. அண்ணியின் கண்ணில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்ததும், எப்படியாவது இதைச் செய்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் காதின் அச்சு வேண்டும். புட்டியை நேரே தோலில் வைக்கக் கூடாது. சூடேறும், அரிக்கும். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, காதுத் துளையில் பஞ்சை அடைத்து, அண்ணியைச் சாய்ந்து படுக்கவைத்து, மாவைக் காதின்மேல் அழுத்தி எடுத்தாள். அதில் சுண்ணக் கலவையை ஊற்றிக் காயவைத்ததும் அண்ணியின் காது ஒன்று, மடிப்பு மடிப்பாக, கையில் வந்தது. அதை மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இனிமே இந்த வீட்ல பாத்துப் பேசணும்," என்றார் குழாய்க்காரர். "அக்கா காது அலமாரியிலேயே உக்காந்திருக்கு."

சுண்ணக் காதின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள், புட்டி ஒட்டாமல் இருக்க. கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கட்டியையும் கோடு தெரியாத வரைக்கும் பிசைந்தாள். காதை முழுதாக மூடுகிற சங்கு ஒன்று அவள் மனதில் இருந்தது. பின்னல் ஊசியால் வரி போட்டாள், கரண்டியின் முதுகால் வளைவை நீவினாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துப் பொன் வண்ணம் பூசினாள். இன்னொரு காதுக்கும் ஒன்று. அழகாகத்தான் வந்தது. வழக்கம்போல ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டு திரிந்தாள். வலிக்கவில்லை, நழுவவில்லை. சந்தைக்குப் போனபோது காய்கறிக்காரி மட்டும், "என்னக்கா, காதுல சங்கு? கடல் சத்தம் கேக்குதா?" என்றாள்.

நடுவாரத்தில் ஓர் ஒத்திகை இருந்தது. கொம்பம்மா திரைக்கு ஓரமாக நின்றாள். அண்ணி சங்கு மாட்டிக்கொண்டு மேடையேறினாள். ராஜா பேசத் தொடங்கினார். அப்போது எங்கிருந்தோ 'ங்ஙீஈஈ' என்று மெல்லிய விசில் வந்தது.

ராஜா பேச்சை நிறுத்திவிட்டுத் தன் சட்டைப்பையில் போனைத் தேடினார். தூதன் மேலே விளக்கைப் பார்த்தான். "யாரோ அடுப்புல கெட்டில வெச்சிருக்காங்க," என்றது ஒரு குரல். அண்ணிக்கு மட்டும் அந்த விசில் கேட்கவில்லை. அவ்வளவு கீச்சென்ற சத்தம் அவள் காதுக்கு எட்டாது. அவள் தலை நிமிர்ந்து, கையை உயர்த்தி, தன் வசனத்தை முழங்கிக்கொண்டிருந்தாள், காதிலிருந்து விசிலடித்தபடி.

"யாருங்க விசிலடிக்கிறது? ராணி பேசுறாங்க!" என்று டைரக்டர் கத்தினார்.

எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் ராணியும் கொஞ்சம் சிரித்தாள். அதைத்தான் கொம்பம்மாவால் தாங்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் மேடைக்கே ஏறிப் போனாள். "நகையில ஒரு ஓட்ட விழுந்துடுச்சுங்க, அதுல காத்து போகுது. சரி பண்ணிக் கொண்டாறேன்," என்று சொல்லி அண்ணியைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். சொன்னது பொய் என்பதால் முகம் காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

வீடு வந்ததும் அண்ணிக்கு விஷயம் புரிந்தது. "என் காதுல குக்கர வெச்சு அனுப்பிட்டியேடி! நாள் பூரா போட்டுப் பாத்தேன்னு சொன்ன?"

"போட்டுத்தான் பாத்தேன் அண்ணி."

சொல்லும்போதே தப்பு எங்கே என்று அவளுக்கு உறைத்தது. போட்டுப் பார்த்தது அவள் காது. அவள் காதில் இயந்திரம் இல்லை. கனம் தெரிந்தது, உராய்வு தெரிந்தது. எதற்காக அந்தச் சங்கோ, அது மட்டும் தெரியவில்லை. இத்தனை நாள் கைகொடுத்த வழக்கம் இந்த ஒன்றில் கைவிட்டுவிட்டது.

"மூடுனா அப்படித்தான்," என்றார் குழாய்க்காரர். "குழாய்ல ஒரு பக்கம் அடச்சா இன்னொரு பக்கம் பீச்சும்."

"நீ சும்மா இருடா. என் காது என்ன உன் குழாயா?"

அன்று அண்ணி அங்கேயே சாப்பிட்டாள். கோபத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள், விரல்கள் காதை மூடின. 'ங்ஙீ' என்றது. கையை எடுத்தாள். நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த கொம்பம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணி மறுபடி கை வைத்தாள், 'ங்ஙீ'. கொஞ்சம் தள்ளிப் பிடித்தபோது சத்தமில்லை. காதுக்குள் போகிற சத்தம் எதிரில் சுவர் இருந்தால் முட்டித் திரும்பி வந்து இயந்திரத்திலேயே மறுபடி நுழைகிறது போலும். அதுதான் விசிலாகக் கத்துகிறது. சுவரே இருக்கக் கூடாது என்றால் மூடவே கூடாது.

மூடாமல் எப்படி மறைப்பது? சாப்பிட்ட தட்டுகளைக் கழுவும்போது அதே யோசனை. வெளியே கம்பி வேலியில் யாரோ விட்டுப்போன செடி ஒன்று படர்ந்திருந்தது. அதன் இலைகளுக்கு நடுவில் ஒரு பச்சை வெட்டுக்கிளி இருந்ததை, அது தாவிய பிறகுதான் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "என்னங்க, மெல்லிசா செம்புக் கம்பி இருக்கா?" என்று கேட்டாள்.

இந்த முறை காதை மூடுகிற எதுவும் இல்லை. காதோரமாக வளைந்து ஏறுகிற ஒரு கொடி. கம்பியை முதுகெலும்பாக வைத்து, ஈரப் பிளாஸ்டிக்கின்மேல் புட்டியை நூல்போல உருட்டிச் சுற்றினாள். இலைகளை விரல்நுனியில் தட்டையாக்கி, ஊசியால் நரம்பு கீறி ஒட்டினாள். நிறையப் பிசைந்தால் பாதி வேலையில் கல்லாகிவிடும் என்று கடுகு கடுகாகப் பிசைந்தாள். அவசரத்தில் சரியாகக் கலக்காத ஒரு கட்டியில் செய்த இலைகள் மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தன. அவற்றைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி செய்தாள். இலைக்கும் காதுக்கும் நடுவில் எங்கேயும் விரல் நுழைகிற இடைவெளி விட்டாள்.

இயந்திரத்தின்மேல் வண்ணம் பூச முடியாது. அதனால் பொன்னை விட்டுவிட்டு, கொடி முழுவதையும் இயந்திரத்தின் அதே சாம்பல் வெள்ளியில் தீட்டினாள். இயந்திரம் கொடியின் மொட்டாகிவிட்டது. வலது காதுக்கு அதேபோல ஒரு கொடி. அதில் மொட்டு வேண்டுமே? புட்டியிலேயே இன்னொரு இயந்திரம் செய்தாள், குழல் உட்பட. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது குழாய்க்காரர் போலியைத்தான் எடுத்து, "இதுக்கு எங்க பேட்டரி போடுறது?" என்று கேட்டார்.

போட்டுப் பார்க்கும் பகல் மட்டும் பாக்கி. சனிக்கிழமை காலை அண்ணியை வரச்சொன்னாள்.

"நீங்கதான் போட்டுக்கணும். மெஷினயும் போட்டுக்கணும், அணைக்கக் கூடாது. என்கூட எல்லா வேலையும் செய்யணும்."

"நானா? உன் வீட்ல வேலையா?"

"நீங்க ராணிதான். ஆனா போட்டுப் பாக்காம வெளிய அனுப்ப மாட்டேன்."

அண்ணி பெருக்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். விசில் இல்லை. போர்வை பிழியும்போது இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். விசில் இல்லை. கொடி ஓர் இடத்தில் காதின் மேல்மடிப்பை அழுத்தியது. கொம்பம்மா அதைக் கழற்றிக் கம்பியைக் கொஞ்சம் விரித்து மாட்டினாள். பிறகு காய் நறுக்க உட்கார்ந்தார்கள்.

"இவ்வளவு பெரிசாவா நறுக்குவ? எந்தம்பி தொண்டையில சிக்கிக்காதா?"

கொம்பம்மா வழக்கம்போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தம்பி தொண்டையில இதுவரைக்கும் சிக்கினது உங்க பேச்சு ஒண்ணுதான்."

பின்னால் கத்தி நின்றது.

"என்ன சொன்ன?"

கொம்பம்மாவுக்குத் திரும்பவே தைரியம் வரவில்லை. கணவர் கேலி பேசுகிற கொம்பெல்லாம் அந்த நிமிஷம் விழுந்துவிட்டதுபோல இருந்தது.

"இத்தன வருஷமா இப்படித்தான் அடுப்புகிட்ட பேசிக்கிட்டு இருந்தியா?"

"... ஆமா அண்ணி."

அப்புறம் குலுங்குகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. "அடிப்பாவி! ஊமைன்னுல்ல நெனச்சேன்! இவ்வளவு நல்லா பேசுறத அடுப்புகிட்ட போய் வீணாக்கிட்டியே. இன்னொண்ணு சொல்லு. பழசு ஏதாவது ஞாபகமிருக்கா?"

"நெறைய இருக்கு அண்ணி."

"சொல்லு, சொல்லு. காய அப்புறம் நறுக்கலாம்."

சமையல் அன்று தாமதமானது. பசியோடு வந்த குழாய்க்காரர், மனைவி பேசவும் அக்கா சிரிக்கவும் கண்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழு வேஷத்தோடு ஒத்திகை. அரங்கில் டைரக்டர் முன்வரிசையில். கடைக்காரம்மா கொண்டுவந்த உடைகளுக்குப் பக்கத்தில் கொம்பம்மா. வங்கிக்காரம்மா மேடை ஓரத்தில், வேஷம் வந்தால் போட்டுக்கொள்ளத் தயாராக, முடியை ஏற்கெனவே உச்சியில் கட்டிக்கொண்டு. ராணி வந்தாள். காதிரண்டிலும் வெள்ளிக் கொடி விளக்கொளியில் மினுங்கியது. "புதுசா இருக்கே, ஜோடி நல்லாருக்கு," என்றார் டைரக்டர். ராஜா குனிந்து பார்த்து, "இந்த மொட்டு அப்படியே நிஜம் மாதிரி இருக்கு," என்று வலது காதின் போலி மொட்டைத் தொட்டார்.

ராணி மக்களைப் பார்த்து நின்றாள். தூதன் பின்னால் வந்தான். போன தடவை கத்தியதற்கு வாங்கிய திட்டு நினைவில் இருந்ததால் இந்த முறை பாதிக் குரலில்தான் சொன்னான். "கோட்டைக் கதவு திறந்துவிட்டது, தாயே."

ஒரு மூச்சு நேரம். ராணி திரும்பினாள். தலை முதலில், பிறகு தோள், பிறகு கனமான உடையின் கீழ்விளிம்பு தரையைப் பெருக்கியபடி. தூதனுக்கே உடம்பு சிலிர்த்ததாகப் பிறகு சொன்னான். கொம்பம்மா கையிலிருந்த துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அது யாருடைய சால்வை என்றுகூட அவள் பார்க்கவில்லை.

ராணி வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை. டைரக்டர் எழுந்தே விட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் ராணி. மேடை ஓரத்தைப் பார்த்து விரலை நீட்டினாள். "ஏம்மா வங்கி, என் வசனத்த எனக்கு முன்னாடியே நீங்க சொல்லிட்டா நான் எதச் சொல்றது?"

வங்கிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ராஜாவுக்குக்கூட அந்த முணுமுணுப்பு கேட்டிருக்கவில்லை.

"அப்புறம் டைரக்டர் சார், அந்தப் பேனாவ டக்கு டக்குனு அமுக்கிக்கிட்டே இருக்கீங்க. முதல் காட்சியிலேருந்து பொறுத்துப் பாக்குறேன்."

டைரக்டர் பேனாவைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார், பேனாவைச் சட்டைப்பையில் போட்டார். "வங்கிக்காரம்மா, முடிய அவுத்துடுங்க," என்றார். "உங்களுக்குத் தோழி வேஷம். தூதன் மறுபடி வா. இன்னும் மெதுவாவே சொல்லலாம், ராணிக்குக் கேக்குது."